டெஸ்ட் நெகட்டிவ் என்றால் மருந்து கலக்கவில்லை என்று அர்த்தமா?

“சிறுநீர் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால், பானத்தில் யாரும் மயக்கமருந்து கலக்கவில்லை என்பது உறுதி” என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. பாதிக்கப்பட்டவரையே பொய்யராக்கும் கொடுமையான தவறு.

அவசரப் பிரிவில் செய்யும் சாதாரண ஸ்கிரீனிங் சில மருந்து வகைகளை மட்டுமே தேடும். பானத்தில் கலக்கப்படும் ஜிஹெச்பி, கெட்டமைன் போன்ற மயக்கமருந்துகள் பெரும்பாலும் அதில் சிக்குவதே இல்லை. அதிலும் ஜிஹெச்பி ரத்தத்திலிருந்து சுமார் 8 மணி நேரத்திலும் சிறுநீரிலிருந்து சுமார் 12 மணி நேரத்திலும் மறைந்துவிடும். மயக்கம் தெளிந்து, நடந்தது என்னவென்று புரிவதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது.

சந்தேகம் வந்தால் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துவையுங்கள். தடயவியல் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தாமதமாகிவிட்டதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். வேறு சில மருந்துகள் சிறுநீரில் 5 நாள்வரைகூடத் தெரியும்.