வாந்தி எடுத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது

"நாய் விஷச் செடியைத் தானாகவே ஒதுக்கிவிடும், தப்பித் தவறித் தின்றாலும் வாந்தியோடு போய்விடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. குட்டிகள் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும். அரளியின் எல்லாப் பாகங்களும் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியவை. வெட்டிப் போட்ட காய்ந்த இலையிலும் அந்த நஞ்சு இருக்கும்.

அழகுக்கு வளர்க்கும், சிறு பனை போலத் தெரியும் சைகஸ் செடி இன்னும் ஏமாற்றும். அதன் விதையில்தான் நஞ்சு அதிகம். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி வரும், பிறகு நாய் தேறிவிட்டது போலவும் தெரியலாம். கல்லீரல் பாதிப்போ 2, 3 நாள் கழித்துத்தான் வெளிப்படும். எனவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல், தின்ற செடியின் துண்டோடு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தி வரவழைக்க உப்புநீர் புகட்டாதீர்கள், தயவுசெய்து. அதுவே உயிரைப் பறிக்கக்கூடும்.