அது பாபநாசம் சிவன் எழுதிய பாட்டு

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒளிபரப்பான அந்தப் பாட்டுப் போட்டியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் விஷயம் தெரிந்திருக்கும், அந்தக் காணொளித் துண்டுதான் மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறதே. ஹரிதாஸ் படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்துப் பாடிய ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ பாட்டை அந்தப் பையன் நன்றாகவே பாடினான். அவன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பாடி முடித்ததும் நடுவர் நாற்காலியில் இருந்தவர், பாகவதர் அந்தக் காலத்திலேயே எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார் என்று வியந்தார். அரங்கம் கைதட்டியது. பக்கத்தில் இருந்த இன்னொரு நடுவரும் தலையாட்டினார். இத்தனை பேர் இருந்த இடத்தில் அதைத் திருத்த ஒருவரும் இல்லை.

அந்தப் பாட்டை எழுதியவர் பாபநாசம் சிவன். அந்தக் காணொளியின் கீழே நான் எழுதியதும் இந்த ஒரே வரிதான். சற்று நேரத்தில் அது நீக்கப்பட்டது. மறுபடியும் எழுதினேன், மறுபடியும் நீக்கப்பட்டது. அதற்குள் ஒருவர், ‘யார் எழுதினால் என்ன, பாட்டு இனிமையாக இருக்கிறதா இல்லையா’ என்று எனக்குப் பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதிலுக்கு எண்ணூறுக்கு மேல் விருப்பக்குறிகள்.

யார் எழுதினால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: உங்கள் உழைப்பில் அடுத்தவர் பெயரை எழுதி வைத்தால் அப்போதும் இதையே சொல்வீர்களா?

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் எங்கள் தாத்தா. அவரிடம் ஒரு மரப்பெட்டி நிறைய பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பழுப்புக் காகித உறை. உறையின் நடுவே வட்டமாக ஓட்டை, அதன் வழியே தட்டின் லேபிள் தெரியும். அவரிடம் இருந்த பாகவதர் தட்டுகளின் லேபிளில் பாட்டின் முதல் வரி இருந்தது, ராகம் இருந்தது, பாடியவர் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் மட்டும் இல்லை. அதனால் உறையின் வலது மேல் மூலையில் பென்சிலால் ‘சிவன்’ என்று தாத்தா தாமே எழுதி வைத்திருந்தார். எட்டு வயதில் அதைப் படித்துவிட்டு, ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ என்பது கண்ணன் பாட்டாயிற்றே, அதில் ஏன் சிவன் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, இவர் சாமி இல்லையடா, பாட்டெழுதினவர், உடம்பெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு பஜனை பாடுவாராம், அதைப் பார்த்து ஜனங்கள் வைத்த பெயர் என்று சொன்னார். 1890இல் போலகத்தில் பிறந்த ராமையாவுக்குப் பாபநாசம் சிவன் என்ற பெயர் வந்த கதையை நான் கேட்டது அன்றைக்குத்தான். பேரனுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு சாதாரண மனிதர் பென்சிலால் எழுதி வைத்ததை, இத்தனை விளக்கும் ஒலிபெருக்கியும் உள்ள ஒரு மேடையால் சொல்ல முடியவில்லை.

‘பாகவதரின் குரல் இல்லாவிட்டால் அந்தப் பாட்டை யார் கேட்டிருப்பார்கள்’ என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். பாகவதரை நான் குறைத்துப் பேசியதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனால் அந்தக் குரல் எந்த எழுத்தின்மேல் நிற்கிறது என்று ஒருமுறை கவனித்துக் கேளுங்கள். பாகவதரின் சிவகவி படத்தில் வரும் ‘வதனமே சந்திர பிம்பமோ மலர்ந்த சரோஜமோ’ என்ற வரியில் பிம்பமோ, சரோஜமோ என்று ஒவ்வொரு கேள்வியும் நெடில் ஓகாரத்தில் போய்த் திறக்கிறது. பாடுகிறவர் அங்கே நின்று வேகமாகச் சுரங்களைச் சுழற்றிப் பாடும் பிருகாவை எவ்வளவு வேண்டுமானாலும் உதிர்க்கலாம். சொல் உடையாது, பொருளும் சிதையாது. ‘மன்மத லீலையை’ என்னும்போது அந்த ‘லீ’ எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள். யாருக்காக எழுதுகிறோம், அவருடைய தொண்டை எங்கே மலரும் என்று தெரிந்த ஒருவர், மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் ஒரு தட்டுப் பக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பொறுக்கி வைத்த சொற்கள் அவை. சிவகவி, ஹரிதாஸ் போன்ற படங்களில் மெட்டும் பெரும்பாலும் அவருடையதுதான்; வாத்திய இசையை அமைத்தவர் ஜி. ராமநாதன். பாகவதரின் புகழில் பாதி இந்த இருவரும் சேர்ந்து கட்டியது என்று நான் சொன்னால் அது பாகவதருக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹரிதாஸ் 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்த ஆண்டு டிசம்பர் இறுதியிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகிவிட்டார், விடுதலையானது 1947இல். அவர் சிறையில் இருந்த காலம் முழுவதும் ஜனங்கள் அந்தப் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தட்டில் குரல் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராமபோன் வாங்க வசதியில்லாத வீடுகளிலும் அந்தப் பாட்டு இருந்ததே, அங்கே இருந்தது யாருடைய சொல்?

சம்ஸ்கிருதச் சொற்கள் மிகுந்த மணிப்பிரவாளம் என்று ஒருவர் குறை சொல்லியிருந்தார். அது வேறு விவாதம். பிடிக்காத பாட்டுக்கும் எழுதியவர் ஒருவர் உண்டு.

‘கச்சேரி மேடையில்தான் அவர் பெயரைச் சொல்கிறார்களே, போதாதா’ என்ற கேள்விதான் என்னை மிகவும் வருத்தியது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. மார்கழி வந்தால் ‘என்ன தவம் செய்தனை’யும் ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’வும் பாடாத சபா இல்லை. பாடுகிறவர் பாபநாசம் சிவன் கிருதி என்று மரியாதையோடு சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார். மயிலாப்பூர் மாட வீதிகளில் அவர் நடத்திய மார்கழி பஜனையை இன்றும் நினைவுகூர்கிறார்கள். 1971இல் சங்கீத கலாநிதி, 1972இல் பத்மபூஷண் என்று எல்லாம் அவருக்கு வந்தது. பல கீர்த்தனைகளில் ‘ராமதாசன்’ என்ற முத்திரையை, அதாவது இயற்றியவரைக் காட்டும் பெயரை, அவரே பாட்டுக்குள் வைத்துப் போனதால், யாரும் மறைக்க நினைத்தாலும் பாட்டே காட்டிக்கொடுத்துவிடும். சினிமாப் பாட்டில் அப்படி முத்திரை வைக்க இடம் ஏது? ஹரிதாஸ் பாடுகிற பாட்டில் ஹரிதாஸ்தான் இருக்க முடியும். தன்னை முழுக்க மறைத்துக்கொண்டு பாத்திரத்துக்காக எழுதினார். அதற்குக் கூலியாக நாம் அவரை மறந்துவிட்டோம். சபாவில் சொல்லும் பெயரைச் சினிமாப் பாட்டுக்குச் சொல்லக்கூடாதா? ஒரே மனிதர், ஒரே பேனா.

தியாகபூமி படத்தில் சம்பு சாஸ்திரியாக அந்த மனிதரின் முகத்தையே 1939இல் தமிழ்நாடு திரையில் பார்த்தது. முகத்தைப் பார்த்த தலைமுறை போய்விட்டது, அது இயற்கை. பெயர் போவது இயற்கை இல்லை. அது யாரோ ஒருவர் சொல்லாமல் விடுவதால் போகிறது. திருத்த வந்தவரின் வரியை யாரோ ஒருவர் அழிப்பதால் போகிறது.

இதற்கெல்லாம் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா, வேறு வேலை இல்லையா என்று கேட்கப் போகிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனாலும் மூன்று நாளாக எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பையனுக்குப் பதினான்கு வயது இருக்கும். நாளைக்கு அவன் ஊர் ஊராகப் போய் இந்தப் பாட்டைப் பாடும்போது, பெரியவர்கள் மேடையில் சொன்னதைத்தான் சொல்வான். அவனுக்காவது யாராவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

தாத்தாவின் பெட்டியை நேற்று இறக்கினேன். ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ உள்ள அந்த ஹரிதாஸ் தட்டு குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது, இனி ஓடாது. உறை மட்டும் முழுதாக இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. அதைப் படமெடுத்து அந்தக் காணொளியின் கீழே மூன்றாவது முறையாகப் போட்டிருக்கிறேன்.