ஜூலையில கொதிக்கிற றேடியேட்டர்

எனக்கு விசர் வருது. ஜூலை மாசம், விடிய ஆறரை மணி, மகளின்ர அறைக்குள்ள போனால் யன்னலுக்குக் கீழ இருக்கிற றேடியேட்டர் (பொய்லரில சூடாகிற தண்ணி உள்ளுக்க ஓடி அறையைச் சூடாக்கிற இரும்புச் சாமான்) கை வைக்க ஏலாமல் கொதிக்குது. ஹீட்டிங்கை நிப்பாட்டி ரெண்டு மாசம். குளிக்கிற தண்ணிக்கு மட்டும்தான் பொய்லர் ஆறு மணிக்கு ஓடுது. அவள் றேடியேட்டருக்கு மேல விட்டுட்டுப் போன கிறேயோன் மூண்டும் உருகி, சிவப்பும் நீலமுமா வழிஞ்சு கார்ப்பெட்டில இறுகிக் கிடக்குது. ஏழு வயசுப் பிள்ளை, வேர்த்துக் கழுத்தெல்லாம் நனைஞ்சுபோய் எழும்பி வாறாள்.

லண்டனில வாடகை வீடு. ஏஜென்சி இதுவரைக்கும் மூண்டு பேரை அனுப்பிப் போட்டுது.

முதல் வந்தவர் திறப்பை எடுத்து ஒவ்வொரு றேடியேட்டரா உள்ளுக்க அடைபட்ட காத்தை வெளியில எடுத்தார். மேல்பக்கம் சூடு ஏறாத றேடியேட்டருக்குச் செய்யிற வேலை அது! நிக்காமல் கொதிக்கிறதுக்குக் காத்தை எடுத்து என்ன பிரயோசனம்? அதுக்குள்ளயும் ஒரு விஷயம்: அவர் பிடிச்ச துணியில வந்த தண்ணி மை மாதிரிக் கறுப்பு. இரும்பு உள்ளுக்க அரிச்சு வாற சேறு அது. வால்வுகளை இறுக்கிப் பிடிக்கிறதும் அந்தச் சேறுதான். கண்ணுக்கு முன்னால கண்டும், துடைச்சுப்போட்டுப் போயிட்டார்.

ரெண்டாமவர் றேடியேட்டர் வால்வெல்லாத்தையும் ஆகக் குறைஞ்ச சூட்டுக்கான நட்சத்திரக் குறிக்குத் திருப்பிவிட்டு "சரி" எண்டார். வீட்டில எட்டு றேடியேட்டர். அஞ்சுக்குத்தான் சூடு பார்த்துத் தானாப் பூட்டுற வால்வு இருக்கு. நடை, குளியலறை, மகளின்ர அறை மூண்டுக்கும் வெறும் பிளாஸ்டிக் பிடி. மகளின்ர அறைப் பிடி எவ்வளவு திருப்பினாலும் சும்மா சுத்துது, ஒண்டும் பூட்டுதில்லை. காட்டினேன். குறிச்சுக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

மூண்டாமவர் சிரிச்சுக்கொண்டு சொல்லுறார், "நீங்கள் வெய்யில் நாட்டு ஆக்கள்தானே." எனக்கு ரத்தம் கொதிச்சுது. 2022 ஜூலை 19 இந்த நாட்டில, கொனிங்ஸ்பியில, 40.3 பாகை அடிச்சது. சூட்டை உள்ளுக்க பிடிச்சு வைக்கத்தான் இங்கத்தைய வீடுகளைக் கட்டியிருக்கு. அதுக்குள்ள றேடியேட்டரும் எரிஞ்சால் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் வேர்க்கும்!

மூண்டு பேரில ஒருத்தரும் சுடுதண்ணி சிலிண்டர் இருக்கிற அலுமாரியைத் திறக்கேல்லை. நான் திறந்தேன். அதுக்குள்ள மோட்டர் வைச்ச வால்வு ரெண்டு: ஒண்டு சிலிண்டருக்கு, மற்றது ஹீட்டிங்குக்கு. தண்ணி மட்டும் சூடாக்கேக்க ஹீட்டிங் வால்வு பூட்டியிருக்க வேணும். ஸ்பிரிங் போனாலோ, சேறு பிடிச்சு இறுகினாலோ அது திறந்தபடியே நிண்டுவிடும். பொய்லர் தண்ணிக்கு ஓடுற நேரமெல்லாம் சூடு றேடியேட்டருக்கும் போகும். வால்வுக்கு மேல இருக்கிற மோட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில ஒரு சின்ன நெம்பு இருக்கு. வால்வு பூட்டியிருந்தால் அதை அசைக்கேக்க கைக்கு இறுக்கம் தெரியும். எங்கட வீட்டில ஹீட்டிங் நிப்பாட்டியிருக்க, அது தொளதொளவெண்டு ஆடுது. வால்வைத் தாண்டிப் போற செப்புக் குழாயைத் தொட்டேன், சுட்டுது. ரெண்டு நிமிஷ வேலை! காசு வாங்கிக்கொண்டு வாற ஆக்களுக்கு இது தெரியாதோ? பெட்டிக்குள்ள 230 வோல்ட் கரண்ட் இருக்கிறபடியால் நான் கழட்டேல்லை. வால்வின்ர தண்டு லேசாச் சுத்தினால் மேல்பெட்டியை மாத்தினால் போதும். தண்டே இறுகியிருந்தால் தண்ணியை வடிச்சு முழு வால்வையும் மாத்த வேணும்.

இதை அப்பிடியே படத்தோட எழுதி அனுப்பினேன். ஏஜென்சி என்ன சொல்லுது தெரியுமோ? "ஹீட்டிங் வேலை செய்யுதுதானே, அவசரம் இல்லை, ஒக்டோபருக்குப் பார்ப்பம்." நிப்பாட்டினால் நிக்காததுக்குப் பேர் வேலை செய்யிறதோ? 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்ர 11ஆம் பிரிவு, வீட்டைச் சூடாக்கிற சாமானையும் சுடுதண்ணிச் சாமானையும் ஒழுங்கா வேலை செய்யிற நிலையில வைச்சிருக்கிறது வீட்டுக்காரரின்ர கடமை எண்டு சொல்லுது. காஸ் காசு கட்டுறது நான். பிள்ளையின்ர நித்திரை போகுது.

நேற்று இரவு டைமரை முழுசா நிப்பாட்டிப் போட்டேன். இண்டைக்கு விடிய அம்மா குளிக்கிறதுக்குக் கேத்திலில நாலு தரம் தண்ணி கொதிக்க வைச்சு, வாளியில ஊத்தி, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய் வைச்சேன்.