கோட்டைக்கு வெளியேயும் தரங்கம்பாடி இருக்கிறது

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையைப் பழுதுபார்த்த கதையை உங்கள் கட்டுரையில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பாராட்டு முழுவதும் 1620-ல் கட்டிய கோட்டைக்கும் 1792-ம் ஆண்டு நகர வாசலுக்கும் போய்விட்டதுதான் எனக்குக் குறை. சுனாமிக்குப் பிறகு, பழமையான கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பினர் கோல்ட்ஸ்மித் தெருவில் சாதாரணக் குடும்பங்களின் வீடுகளையும் சீரமைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

கோட்டையில் யாரும் குடியிருக்கவில்லை. வீட்டில் ஆள் இருக்கிறார்கள், மழைக்கு ஒழுகுகிறது, பங்காளி நாலு பேர் கையெழுத்துப் போட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, காரை பொருக்குப் பொருக்காக விழும். எங்கள் அத்தை வீட்டுத் திண்ணைச் சுவர் அப்படித்தான் போயிற்று. 'சிமென்ட்தான் கெட்டி' என்றார் கொத்தனார், நாங்களும் தலையாட்டினோம். இரண்டே மழைக்காலம். விரலால் சுரண்டினால் செங்கல் மாவாகக் கொட்டியது. அப்புறம் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைந்தோம்.

மாசிலாமணிநாதர் கோயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, 1306-ல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டை வாசலிலிருந்து நடக்கிற தூரம்தான். அடுத்த முறை வரும்போது அங்கேயும் எட்டிப் பாருங்கள் சார்.