அது வீடியோ இல்லை சார்

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மூணு மாசம் உட்கார்ந்து நான் எழுதிய ஊசல் சிமுலேஷன், அதாவது பிள்ளைகள் போனில் தாங்களே ஆட்டிப் பார்க்கும் நிரல், அதைப் பற்றித்தான் பேச்சு. 'யூடியூபில் ஆயிரம் வீடியோ கிடக்குது, இதுக்கு எதுக்கு சார் மூணு மாசம்?' என்று ஒரு சார் மைக்கிலேயே கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அது வீடியோ இல்லை. வீடியோவில் தனி ஊசல் (நூலில் தொங்கும் குண்டு), எடுத்தவர் ஆட்டியபடிதான் ஆடும். சிமுலேஷனில் ஆட்டுவது பிள்ளை. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி குண்டின் எடையைக் கூட்டிக்கொண்டே போனாள், அலைவு நேரம் (ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) அசையவில்லை. 'கெட்டுப்போச்சா சார்?' என்றாள். அப்புறம், நூல் நாலு மடங்கானால் நேரமும் நாலு மடங்காகும் என்று நோட்டில் எழுதிவிட்டு, 25 செ.மீ. நூலை 100 செ.மீ. ஆக்கினாள். 1 நொடியாக இருந்த நேரம் 2 நொடிதான் ஆனது. அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, எந்த வீடியோ அதை வரவழைக்கும்?

மூன்று மாதம் ஏனா? முதலில் எழுதிய நிரலில் ஊசல் ஆட ஆட, தானாகவே உயரம் ஏறியது. நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நகர்த்திக் கணக்கிடும் ஆய்லர் முறையில் துளித்துளியாகச் சேர்ந்த பிழை. அதைச் சரிசெய்தால், 120 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 120 முறை புதுப்பிப்பது, சாதாரணத் திரை 60 முறை) உள்ள போனில் இரண்டு மடங்கு வேகத்தில் ஆடுகிறது; திரை புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நேரத்தை நகர்த்தியிருந்தேன். போன் விலைக்கு ஏற்ப இயற்பியல்! பாடப்புத்தகச் சூத்திரமோ சிறு கோணத்துக்குத்தான் பொருந்தும், 60 டிகிரி இழுத்து விட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். சூத்திரத்தை அப்படியே போட்டு ஒரே நாளில் முடித்திருக்கலாம், பொய்யாக.

'ஃபெட்டில் (PhET, அறிவியல் சிமுலேஷன் தளம்) எல்லாம் இருக்கே' என்று வருவீர்கள். இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கிய கார்ல் வீமன் நோபல் வாங்கியவர், அவரிடம் யாரும் மைக்கில் கேட்டிருக்க மாட்டார்கள். நிஜ ஆய்வகம்தான் நல்லதா? சத்தியமாக. நான் படித்த பள்ளியில் நாற்பது பேருக்கு இரண்டு ஊசல், அவை இருந்த பீரோவின் சாவி வைத்திருந்தவர் பாதி நாள் லீவு. போனில் விளையாடிக் கெட்டுப்போவார்களா? விளையாடட்டும் சார்.

நான் காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாற்காலியாவது போட்டிருப்பார்களோ என்னவோ. சும்மா கொடுக்கிறவன் நம் ஊரில் வேலைவெட்டி இல்லாதவன். 'பில் போட்டுக்கொண்டு போங்கள்' என்று மனைவி அன்றைக்கே சொன்னாள்.

டீ குடிக்கும்போது அதே சார் வந்து, 'அந்த லிங்க்கை மட்டும் தட்டி விடுங்க, நம்ம பசங்களுக்கு ஆகும்' என்றார். அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.