மாவுக்கட்டு போட்ட கையால் ஸ்பேனர் பிடிக்க முடியாது

நேற்று ராத்திரி எங்கள் ஏரியா வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு படம் வந்தது. செயின் பறிப்பு கேஸில் பிடிபட்ட பையன், இருபது வயசு இருக்கும், வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டாராம்' என்று எழுதி அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். கைதட்டியவர்களில் என் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூலக்கடை பக்கம் பதினேழு வருஷமாக டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். 'உள்ளே போய்ட்டு வந்த' பையன்கள் இதுவரை நாலு பேர் என்னிடம் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒருத்தன் என் கல்லாவிலேயே கை வைத்துவிட்டு ஓடினான், அதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருத்தன் இன்றைக்குச் சொந்தமாகக் கடை போட்டு இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். இன்னொருத்தனுக்கு இந்த மாதிரிதான் மணிக்கட்டு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. நல்ல கைத்தொழில்காரன், இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான், ஆனால் ஆக்சில் நட்டைக் கழற்றப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் கையில் பலம் நிற்காது, வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். ஆறு மாசத்தில் வேலையை விட்டுவிட்டான். அப்புறம் அவன் எதைச் செய்து சாப்பிடுவான் என்று கைதட்டுகிறவர்கள் யாராவது யோசித்தீர்களா? ஸ்டேஷன் கழிவறையில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று 2025ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டது. நாம் கேட்கவில்லை.

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். என் மைத்துனி கழுத்திலிருந்து செயினை இழுத்தபோது அவள் பைக்கோடு சேர்ந்து தரையில் இழுபட்டாள், கழுத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, வெயில் காலத்திலும் முந்தானையைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே போகிறாள். செய்தவனுக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த கேஸில் நடந்தது என்ன? வாய்தா, வாய்தா, வாய்தா. நாலு வருஷம் ஆகிறது, அவள் இன்னும் சாட்சி சொல்லவில்லை. சின்ன தண்டனையாக இருந்தாலும் சீக்கிரமாகவும் நிச்சயமாகவும் கிடைத்தால்தான் ஒருத்தன் பயப்படுவான், எப்போதோ வரப்போகிற பெரிய தண்டனைக்கு இருபது வயசுப் பையன் எவனும் பயப்பட மாட்டான். 2022 கடைசியில் நாடு முழுக்கச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர், அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர் குற்றவாளியா இல்லையா என்றே இன்னும் முடிவாகவில்லை.

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் தம்பியின் கதை இது. முதல் கேஸ் ஒரு மொபைல் திருட்டு. ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் மூன்று மாசம் உள்ளே. அவன் வெளியே வந்த அன்றைக்கு இருட்டிவிட்டது. கையில் ஒரு கட்டைப்பை, போன் கிடையாது, பஸ்ஸுக்குக் காசு கிடையாது. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அவன் வருவதே தெரியாது. ஜெயில் வாசலில் அவனுக்காகக் காத்திருந்தவர்கள் இரண்டே பேர், உள்ளே பழக்கமானவர்கள், அவனுக்கு முன்பே வெளியே வந்தவர்கள். புதுச் சட்டை வாங்கி வந்திருந்தார்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்கள். "அண்ணே, அன்னைக்கு எனக்குன்னு வந்தது அவங்க மட்டும்தான்" என்று என்னிடம் சொல்லும்போது அவன் குரல் மாறிவிட்டது. நாலு மாசத்தில் அடுத்த கேஸ்.

அந்த இரண்டாவது கேஸில் கண்டிஷன் பெயில், தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். மெக்கானிக் ஷெட்டில் வண்டி வந்து குவிகிற நேரமே ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரைக்கும்தான். அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினால், ஐயா வரட்டும், ரைட்டர் வரட்டும் என்று உட்கார வைத்து ஒரு மணிக்கு அனுப்புவார்கள். எந்த முதலாளி இதைப் பொறுப்பான்? நான் பொறுக்கிறேன், ஏனென்றால் ஷெட் என்னுடையது. இதே பையன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தால் முதல் வாரமே நிறுத்தியிருப்பார்கள். போதாததற்கு ஏரியாவில் எவன் வண்டி காணாமல் போனாலும் முதலில் போலீஸ் வருவது என் ஷெட்டுக்குத்தான்.

என் தாத்தா ஊர் உசிலம்பட்டி பக்கம். ரேகைச் சட்டம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், 1871ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம். அதில் பேர் பதிந்த ஆம்பிளைகள் ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும். எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920ல் சுட்டுக் கொன்றார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல் போய்விட்டது. ஆனால் தம்பி பத்து மணிக்கு எழுந்து கிளம்பும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வருகிறது. ஒருத்தனை 'இவன் இப்படித்தான்' என்று எழுதி வைத்துவிட்டால் அவனுக்கு வேறு மாதிரி வாழ இடமே இல்லாமல் போகிறது.

குண்டாஸும் அப்படித்தான். 1982ஆம் வருஷத்துச் சட்டம், விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஆவணத்தில் குறை, மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று கோர்ட் எத்தனையோ உத்தரவுகளை ரத்து செய்கிறது. பையன் வெளியே வரும்போது குண்டாஸ் பார்த்தவன் என்ற பேரோடு வருகிறான். தெருவில் அந்தப் பேருக்கு மரியாதை உண்டு, அதுதான் ஆபத்து.

வெறும் ஜெயிலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2005ல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் ஐந்து வருஷத்துக்குள் நூற்றுக்கு 77 பேர் மறுபடியும் கைதாகியிருந்தார்கள். நார்வேயில் இரண்டு வருஷத்தில் மறுபடியும் தண்டனை பெறுகிறவர்கள் நூற்றுக்கு இருபது பேர் போலத்தான். இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை, ஊரும் வேறு, இருந்தாலும் வித்தியாசம் சின்னதில்லை.

நம் ஊரில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். புழலில் கைதிகள் பெட்ரோல் பங்க் நடத்துகிறார்கள், 2023ல் பெண் கைதிகளுக்கும் ஒன்று திறந்தார்கள். ஜாமீன் பணம் கட்ட வழியில்லாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை கொடுக்க அதே வருஷம் ஒன்றிய அரசு திட்டம் போட்டது. 2024 ஜூலையில் வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 479ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, முதல் தடவை மாட்டியவன் அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட்டுவிட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேல் கேஸ் நிலுவையில் இருந்தாலும் கிடையாது. கணக்கு காட்ட போலீஸ் ஒரு பழைய கேஸைச் சேர்த்துப் போட்டால் இந்தக் கதவும் மூடிவிடும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் கேட்பதெல்லாம் வெளியே வந்த முதல் ஒரு மாசத்தைப் பற்றித்தான். விடுதலை செய்வதைக் காலையில் செய்யுங்கள். முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லுங்கள். ஆதாரையும் போனையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். வேலைக்குப் போகிறவனுக்குக் கையெழுத்து நேரத்தை சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். நன்னடத்தை அலுவலர் என்று 1958ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே ஆள் இருக்கிறார், அவர் அந்த ஒரு மாசம் வாரம் ஒரு தடவை வேலை செய்யும் இடத்துக்கு வந்து பார்க்கட்டும், நான் டீ வாங்கித் தருகிறேன்.

தம்பியின் கையெழுத்து நேரத்தை மாலை 5.30க்கு மாற்றச் சொல்லி வக்கீல் மனு போட்டிருக்கிறார், அடுத்த வாரம் வருகிறது. வடசென்னையில் ஷெட், லேத், டெய்லரிங் யூனிட் வைத்திருப்பவர்கள் யாராவது இந்த மாதிரி ஒரு பையனை எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இன்பாக்ஸில் வாருங்கள். எனக்குத் தெரிந்து இன்னும் இரண்டு பேர் வேலை இல்லாமல் இருக்கிறார்கள், ஒருத்தனுக்கு வெல்டிங் தெரியும்.