தெருவையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்

பெங்களூரில் கோவொர்க்கிங் இடம் (வெவ்வேறு வேலை செய்கிறவர்கள் மேசை வாடகைக்கு எடுத்து உட்காரும் பொது அலுவலகம்) நடத்துகிற எல்லோரிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறதோ, அந்தத் தெருவையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அல்சூரில் குடியிருக்கிறேன், இந்திராநகரில் ஒரு கோவொர்க்கிங் மாடியில் வேலை பார்க்கிறேன். வசதிக்குக் குறைவில்லை. வைஃபை அறுந்துபோகாது, கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் ஓடும். ஆனால் பக்கத்து மேசைக்காரர் பெயர் பலருக்குத் தெரியாது. எதிர் வீட்டுக்காரர்களுக்கு எங்கள்மேல் தீராத கோபம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். யாரும் யாரிடமும் பேசத் தேவையில்லாதபடி எல்லாவற்றையும் ஆப்பில் போட்டுவிட்டோம். வாசலில் டேப்லெட், சாப்பாட்டுக்கு ஆப், ஏசி குளிரடித்தால் அதற்கும் ஆப். ஊருக்குப் புதிதாக வந்து ஹாட் டெஸ்கில் (யாருக்கும் நிரந்தரமில்லாத, காலியாக இருக்கும் மேசையில்) உட்காரும் பெண்ணிடம் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

கோவொர்க்கிங் இப்படித் தொடங்கவில்லை. 2005-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபர்க் ஆரம்பித்த முதல் இடம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறந்திருந்த சின்ன இடம். சில மேசைகள், வைஃபை, சேர்ந்து சாப்பிடும் மதியச் சாப்பாடு. முதல் மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. தனியாக வேலை செய்கிறவனுக்கு மனிதர்கள் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று சதுர அடிக் கணக்கு பெரிதாகிவிட்டது, அந்தச் சாப்பாட்டு மேசை காணாமல் போய்விட்டது.

தெருவின் கோபத்துக்கு வருகிறேன். முதல் காரணம் பார்க்கிங். காலை பத்து மணிக்கு எதிர் வீட்டு கேட்டை மறித்து வரிசையாக பைக்குகள். அந்த வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆட்டோ உள்ளே வர முடியவில்லை. செக்யூரிட்டியிடம் கேட்டால், “மேனேஜர்கிட்ட சொல்லுங்க” என்கிறார். அந்த மேனேஜர் யார், நம்பர் என்ன என்று பெரியவருக்கு எப்படித் தெரியும்? கட்டட வாசலில் ஒரு ஆளின் பெயரும் போன் நம்பரும் கன்னடத்தில் எழுதி ஒட்டினாலே பாதிச் சண்டை அடங்கும்.

இரண்டாவது, தள்ளுவண்டிகள். “வாசல் நீட்டா இருக்கணும்” என்று டீ விற்கிறவரை விரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். தெரு வியாபாரிகளுக்காக 2014-இல் ஒரு மத்தியச் சட்டமே வந்திருக்கிறது. அந்தச் சட்டப்படி வியாபாரச் சான்றிதழ் வைத்திருப்பவரை அப்புறப்படுத்த வேண்டுமென்றால் உள்ளாட்சி 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். தனியார் கட்டடத்துக்கு அந்த அதிகாரம் துளியும் கிடையாது. விரட்டுவதை விட்டுவிட்டு, மாலை மீட்டிங்குக்கு அவரிடமே டீ சொல்லுங்கள். மெஷின் காபியைவிட நன்றாக இருக்கும் என்பதற்கு நான் உத்தரவாதம்!

மூன்றாவது மொழி. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று 2024-இல் சட்டம் திருத்தினார்கள். பலகைகள் மாறின. கதவைத் திறந்து உள்ளே போனால் கன்னடம் பேச ஆளில்லை, அல்லது பேசத் தெரிந்தவர் நம் கண்ணில் படுவதில்லை. எங்கள் மாடியில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற அக்கா மர்ஃபி டவுனில் இருந்து வருகிறார். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் சரளம், இந்தியும் சமாளிப்பார். ஈரோட்டில் இருந்து புதிதாக வந்த பையன் ஒரு நாள் ஆட்டோக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு முகம் சிவந்து மேலே வந்தான். அக்கா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, “தம்பி, எடுத்த எடுப்புல பேரம் பேசாதே. ‘அண்ணா, எஷ்டு ஆகுத்தே’ன்னு (எவ்வளவு ஆகும்னு) சிரிச்சுக்கிட்டே கேளு. அப்புறம் பாரு” என்றார். அன்றிலிருந்து தினமும் அவரிடம் ஒரு வாக்கியம் கேட்டுக்கொள்கிறான். நெட்வொர்க்கிங் என்ற பெயரில் பீட்சா வாங்குகிற காசில், வாரம் ஒரு மணி நேரம் அந்த அக்காவுக்கு வகுப்புச் சம்பளம் கொடுத்துப் பாருங்கள். இந்த ஊரில் பிழைக்க வந்த நமக்கு இந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளும் கடமை இருக்கிறது. கற்றுக்கொடுக்க ஆள் நம் மாடியிலேயே இருக்கிறார்.

இப்படி எல்லோரும் கலந்து பழகுவது பெங்களூருக்குப் புதிதும் இல்லை. 1980-களில் இங்கே தொடங்கிய தர்ஷினி ஓட்டல்களில் டிரைவரும் டைரக்டரும் ஒரே உயர மேசையில் நின்றுகொண்டு பை-டூ காபி (ஒரு காபியை இரண்டாகப் பிரித்தது) குடிக்கிறார்கள். யாரிடமும் ஐடி கார்டு கேட்பதில்லை.

தெருவுக்குக் கதவைத் திறந்தால் பாதுகாப்பு என்னாவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லேப்டாப், வாடிக்கையாளர் தகவல் எல்லாம் இருக்கிற மாடியைத் திறந்துவிடச் சொல்லவில்லை. தரைத் தளமும் நிகழ்ச்சிக் கூடமும் போதும். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஒற்றை அறை வீட்டில், டிவி சத்தத்துக்கு நடுவே எஸ்.எஸ்.எல்.சி.க்கும் பி.யூ.சி.க்கும் (இங்கே பிளஸ் டூ மாதிரி) படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் அந்தக் கூடத்தையும் வைஃபையையும் அவர்களுக்குக் கொடுங்கள். செலவு வாரத்துக்கு ஒரு செக்யூரிட்டியின் ஒரு நாள் சம்பளமும் கொஞ்சம் கரண்டும்தான். உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்க உறுப்பினர்களில் ஆள் கிடைக்கும். முதல் ஆளாக நான் வருகிறேன்.

எங்கள் மேனேஜரிடம் இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இந்திராநகர், தொம்மலூர், அல்சூர் பக்கம் ஏற்கெனவே இப்படி நடத்துகிற இடம் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். நேரில் போய்ப் பார்த்து, எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டுவர வேண்டும்.